நாடி ஓடுது, ஆளைக் காணோம்!

“எங்க அண்ணன் நல்லாத்தான் இருக்கான். இதோ பாருங்க, நாடி ஓடுது” என்று சொல்லி முடித்ததும் அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஆள் போய்விட்டான் என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லாயிருக்கிறான் என்று அழுகிற ஆளை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். உள்ளே காலி. எங்கள் ஆபீசின் லட்சணம் அது.

எங்கள் ஆபீஸ் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. ஒரே அறை, இரண்டு மேஜை. பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என் முதலாளி. ஊரெல்லாம் அவரை வக்கீல் என்றுதான் கூப்பிடும். சட்டம் படித்தவர், ஆனால் கோர்ட் படி ஏறியதே கிடையாது. துப்பறிகிறார். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். நான் அவருடைய உதவியாளர். என்னை வாயாடி என்பார். நானும் தனிக்கட்டைதான். ஆனால் நான் சாப்பிடும்போது டி.வி.யோடு சண்டை போடுவேன். அதனால் தனியாக இருப்பது தெரியவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

“அழுது முடிச்சிட்டு மெதுவா சொல்லும்மா. அவசரம் ஒண்ணுமில்ல” என்றார் வக்கீல்.

அவள் போனை மேஜை மேல் வைத்தாள். திரையில் சிவப்பாக ஒரு இதயம். பக்கத்தில் ஒரு எண், ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

“இது எங்க அண்ணனோட நாடி சார். அவன் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல பில் சரிபாக்கறான். அங்க எல்லாருக்கும் ஸ்மார்ட் வாட்ச் கொடுத்திருக்காங்க. கட்டிக்கிட்டே இருக்கணும். குடும்பத்துல ஒருத்தர் போன்லயும் பாத்துக்கலாம். எங்க அம்மா தனியா இருந்தப்ப நெஞ்சு வலி வந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் அண்ணன் இதை என் போன்ல போட்டுக் கொடுத்தான். நான் வெளியூர்ல மருந்துக் கடையில வேலை பாக்கறேன். எனக்கு அவன், அவனுக்கு நான். வேற யாருமில்ல.”

“சரி. இப்ப என்ன ஆச்சு?”

“ஒரு வாரத்துக்கு மேல போன் சுவிட்ச் ஆஃப். நேத்து கிளம்பி வந்தேன். அவன் ரூம் பூட்டிக் கெடக்கு. போலீஸ்ல போய்ச் சொன்னா, இன்ஸ்பெக்டர் என் போனை வாங்கிப் பாத்துட்டு சிரிக்கிறார். ‘உங்க அண்ணன் காலையிலேருந்து நடந்துக்கிட்டேதான் இருக்கார். என்னைவிட நல்ல நாடி. உங்ககிட்ட பேசப் பிடிக்கல போலம்மா, வீட்டுக்குப் போங்க’ன்னு சொல்லிட்டார்.”

“போன்தான் ஆஃப் ஆச்சே, வாட்ச் எப்படி வேலை செய்யுது?” என்று கேட்டேன். எனக்கும் மூளை இருக்கிறதென்று அவ்வப்போது காட்டிக்கொள்ள வேண்டும்.

“வாட்சுக்கே தனி சிம். போன் இல்லாட்டியும் ஓடும். எந்த இடத்துல இருக்கான்னு மட்டும் காட்டாது. அதை அவன் ஆரம்பத்துலேயே அணைச்சு வச்சிட்டான்.” மூக்கை உறிஞ்சினாள். “நடக்கறான், தூங்கறான், எழுந்திருக்கறான். எல்லாம் தெரியுது சார். என்கூட மட்டும் பேசல. செத்துட்டான்னாக்கூட நான் இப்படித் தவிச்சிருக்க மாட்டேன்.”

கிண்டல் அடிக்க வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

“கடைசியா என்ன பேசினார்?”

அவள் ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டாள். களைத்த, நல்ல குரல்.

“குட்டி, கை எரியுதுடி. வாட்ச் கட்டற இடம் பூரா செவந்து போய்க் கொப்புளம் கொப்புளமா இருக்கு. வலது கைக்கு மாத்தினேன், அங்கேயும் அதே கூத்து. கழட்டி வச்சா ஆபீஸ்ல ஒரு பாப்பா ஓடி வந்து ‘சார், உங்க உடம்பு மேல உங்களுக்கு அக்கறையே இல்லையா’ங்குது. அக்கறை இருக்கறதாலதானே கழட்டறேன்! சரி விடு, ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். நேர்ல வரப்ப சொல்றேன், சிரிப்பே.”

வக்கீல் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு போனை வாங்கி, ஒவ்வொரு நாளின் நடையையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“யாராவது நாய்க் கழுத்துல கட்டி விட்டிருப்பாங்களோ சார்?” என்றேன்.

“எந்த நாயாவது சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம நடக்குமா, வாயாடி? இங்க பாரு. மதியம் ஊரே உக்காந்து சாப்பிடுது. இவர் அப்பத்தான் ஓட்டமா ஓடறார். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு வேலைக்குப் போனப்புறம் இவர் உக்கார்றார். சாயங்காலம் டீ நேரத்துல மறுபடியும் ஓட்டம். தினம் இதே கதை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்புறம் அந்தக் கை. கொப்புளம் வந்து ரெண்டு கையிலயும் கட்ட முடியாதவர், திடீர்னு ராத்திரி பகல் கழட்டாம கட்டியிருக்கார். தன் கை ஆகாதுன்னா என்ன பண்ணுவோம்?”

“இன்னொருத்தர் கையைப் பிடிப்போம்” என்றேன்.

“வாயைத் திறந்தா எப்பவாவது உருப்படியா ஒண்ணு வருது. கிளம்பு.”

*

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் மூன்றாவது மாடி. வரிசை வரிசையாக மேஜைகள், பாதிக்குப் பாதி காலி. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்களாம். மீதிப் பேர் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடுவில் நடந்து போனோம், ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

நலத்துறைப் பாப்பாதான் எங்களை வரவேற்றாள். வாட்ச் கட்டாதவர்களை விரட்டுவதுதான் அவளுடைய வேலை. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி.

“இந்த மாசம் எங்க நட்சத்திரமே அவர்தான்! இவ்ளோ நடந்தவங்க யாருமே இல்ல. போட்டோ போட்டு மாட்டப் போறோம்” என்றாள் குஷியாக.

“ஆள் எங்க?” என்றேன்.

“ஆக்டிவா இருக்காரே மேடம்.”

“ஆள் எங்கன்னு கேட்டேன்.”

“பச்சையா இருக்காரே.”

“புல்லுகூடத்தான் பச்சையா இருக்கு! அது வந்து உங்க பில்லைச் சரிபாக்குமா?”

வக்கீல் என் முழங்கையைத் தொட்டார். நான் அடங்கினேன்.

அண்ணனின் மேஜை ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் இருந்தது. கோப்பையில் டீ காய்ந்து கறையாகியிருந்தது. பக்கத்தில் பிதுக்கிப் பிதுக்கிக் காலியான ஒரு களிம்பு டியூப். தங்கை நாற்காலியின் முதுகைத் தடவினாள். விரலில் தூசி ஒட்டியது.

“வீட்லேருந்து வேலை பாக்கறார்னு நெனச்சேன்” என்றார் செக்‌ஷன் தலைவர்.

“லீவுல இருக்கார்னு நெனச்சேன்” என்றாள் எதிர் மேஜைக்காரி.

“வேற செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்” என்றான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தவன்.

எல்லாரும் நினைத்தார்கள். ஒருத்தராவது எழுந்து வந்து தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு ஒரு பயமும் வந்தது. நான் நாளைக்கு ஆபீஸ் வராவிட்டால் வக்கீல் தேடுவார், சரி. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏதாவது ஆனால்?

வக்கீல் மேஜை மேஜையாக நடந்து ஆட்களின் கைகளையே பார்த்துக்கொண்டு போனார். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வரிசையில் நாலைந்து பேர் கையில் வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த இடத்தில் வளையம் போட்டது போல் சிவந்த தடம், தோல் உரிந்து கிடந்தது. சுவரிலோ அவர்கள் எல்லாருக்கும் பச்சைப் புள்ளி.

“உங்க வாட்ச் எங்க சார்?” என்று ஒருவரை இனிக்க இனிக்கக் கேட்டேன்.

அவர் கையை மேஜைக்கு அடியில் விட்டார். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் விட்டார். அடுத்தவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதாத கிளாஸ் மாதிரி இருந்தது. பாப்பா பேந்தப் பேந்த விழித்தாள்.

“பசிக்குது. கீழ கேண்டீன் இருக்காமே, சாப்பிடலாம்” என்றார் வக்கீல்.

*

மதிய நேரம், கேண்டீனில் நெரிசல் தாங்கவில்லை. அடுப்புச் சூடு வாசல் வரைக்கும் அடித்தது. சர்வர்கள் எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் வேர்வை ஊற்றியது, கையை மட்டும் மடிக்கவில்லை.

வக்கீல் அந்த ஆளின் பகுதியில் ஒரு மேஜை பிடித்தார். தங்கையிடம், “நீங்க போனைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. நம்பர் ஏறினா ‘ம்’னு சொல்லுங்க, இறங்கினா ‘இல்ல’ன்னு சொல்லுங்க” என்றார். என் பக்கம் திரும்பி, “வாயாடி, அந்த ஆளை ஓட விடு. இதுக்குத்தானே நீ பொறந்திருக்கே” என்றார்.

முதலில் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வந்ததும் வெந்நீர் கேட்டேன். வெந்நீர் வந்ததும் ஸ்பூன். ஸ்பூன் வந்ததும் வேறு ஸ்பூன். அப்புறம் கோடியில் கிடந்த நாற்காலிதான் வேண்டும் என்றேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், உடனே திறக்கச் சொன்னேன். மனிதர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. “இதோ வந்துட்டேன்மா” என்று ஓடினார்.

“ம்” என்றாள் தங்கை. மறுபடி, “ம்... ம்.”

அவர் திரும்பி வந்தபோது வக்கீல் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க தம்பி. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கங்க.”

“வேலை நேரத்துல உக்காரக் கூடாது சார்.”

“நான் சொல்லிக்கறேன். உக்காருங்க.”

நுனியில் உட்கார்ந்தார். நெஞ்சு மேலும் கீழும் போனது, பிறகு மெல்ல அடங்கியது.

“இல்ல” என்றாள் தங்கை. கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல” என்றாள். பிறகு போனிலிருந்து கண்ணை எடுத்து அவரையே பார்த்தாள்.

வக்கீல் அவர் கையை மேஜை மேல் இழுத்து, பொத்தானைக் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வாட்ச், வாட்ச், வாட்ச். கையும் களவுமாக என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

“அண்ணே, நீங்க சர்வரா, வாட்ச் கடையா?” என்றேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மனிதர் நடுங்கிப் போனார். “திருடல சார்! சத்தியமா திருடல. மேல இருக்கறவங்கதான் கொடுத்தாங்க. அவங்களுக்கு ஒரே அரிப்பு, எரிச்சல். கழட்டினா சிவப்பு விழுதாம். நாள் முழுக்க உக்காந்தே இருந்தாலும் மஞ்சள் விழுதாம். நான்தான் நடந்துக்கிட்டே இருக்கேனே, எனக்கென்ன பாரமா? காலையில கொடுப்பாங்க, சாயங்காலம் வாங்கிப்பாங்க.”

“நீங்க எதுக்கு இதுக்கு ஒத்துக்கிட்டீங்க?” வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார்.

“முன்னாடியெல்லாம் என்னை ‘ஏய்’னுதான் கூப்பிடுவாங்க சார். வாட்ச் கொடுக்க ஆரம்பிச்சப்புறம் ‘அண்ணே, கை எப்படி இருக்கு’ன்னு கேக்கறாங்க. நான் இந்த ஊர்ல தனியா இருக்கேன். நாள் பூரா என்னைக் கேக்கறதெல்லாம் டீயும் தண்ணியும்தான். என் கையை யாராவது கேட்டா நல்லாத்தானே இருக்கும்?”

என் சிரிப்பு நின்றுவிட்டது.

மற்ற வாட்சுகளுக்குக் கீழே கை நன்றாகத்தான் இருந்தது. மணிக்கட்டில் இருந்த கடைசி வாட்சைச் சுற்றி மட்டும் தோல் வெந்து, நீர் கோத்து, பார்க்கவே கூசியது.

“இது எங்க அண்ணனோடது” என்றாள் தங்கை. வாட்ச் பட்டையின் ஓரத்தில் பல்லால் கடித்த தடம் இருந்தது. “பட்டையைக் கடிக்காதேன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்.”

சர்வர் அவளைப் பார்த்தார். “நீங்க சாரோட தங்கச்சியா? அவர் உங்களைப் பத்திச் சொல்வார். சார் நல்லாயிருக்காரா அக்கா?”

அவள் அந்தப் பட்டையைத் தொட்டாள்.

“அன்னிக்கு மதியம் கொடுத்துட்டு வெளியே போனார். சாயங்காலம் வரவே இல்ல. மறுநாளும் வரல. மேல போய்க் கேட்டேன். ‘அவர் புள்ளி பச்சையா இருக்கு, நல்லாத்தான் இருக்கார், போங்கண்ணே’ன்னாங்க. சரி, ஊருக்குப் போயிருப்பார்னு நெனச்சேன். நான் கழட்டினா அவர் பேர்ல சிவப்பு விழும், வேலைக்கு உலை வச்சிடுவாங்கன்னு பயம். அதான் தூங்கறப்பகூட கழட்டல. குளிக்கற நேரம் மட்டும் சார்ஜ்ல போடுவேன், அதுக்குச் சிவப்பு விழாது. கை எரியுதுதான். வந்து கேட்டா முழுசா திருப்பிக் கொடுக்கணுமில்ல?”

அந்த நல்ல மனிதர் என்ன செய்திருக்கிறார் என்று அவருக்கே இன்னும் புரியவில்லை. ஒரு ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஆளை யாரும் தேடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். “ராத்திரியெல்லாம் இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்கினேன். கோவமா இருந்தாலும் இருக்கானேன்னு. அது அவன் இல்லையா? அப்ப என் அண்ணன்?”

“அதைக் கண்டுபிடிக்கணும்னா, முதல்ல இதைக் கழட்டணும்மா” என்றார் வக்கீல்.

“வேண்டாம்.”

“கேளும்மா...”

“வேண்டாம் சார். அது நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“இது ஓடற வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க. நாம நாலு பேர் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அந்தத் திரையில சிவப்பு விழணும். அது ஒண்ணுதான் இவங்க காதுல ஏறும்.” அவர் குரல் தணிந்தது. “நீங்களே கழட்டுங்க. வேற யாரும் கழட்டக் கூடாது.”

அவள் ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, புண்ணில் படாமல், கொக்கியை மெதுவாக எடுத்தாள். சர்வர் பல்லைக் கடித்துக்கொண்டார். வாட்ச் மேஜையில் விழுந்தது. போனில் எண் தடுமாறி, ஒரு கோடாகி நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, நக்கல்தான் தெரியும். அதனால் சும்மா பிடித்துக்கொண்டேன்.

என் டீ ஆறுவதற்குள் ஊர் எழுந்துவிட்டது. பாப்பா படியில் தடதடவென்று ஓடி வந்தாள், முகம் வெளுத்திருந்தது. “அவர் சிவப்பாயிட்டார்! துடிப்பே இல்லன்னு காட்டுது!” பின்னாலேயே செக்‌ஷன் தலைவர், எதிர் மேஜைக்காரி, தூணுக்கு அந்தப் பக்கத்தான். “எங்க அவர்? எங்க இருக்கார்?” என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்கிறார்கள்! நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நினைத்தேன். தங்கையின் கை என் கைக்குள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அவள் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். ஆபீஸிலிருந்து அவருக்கும் செய்தி போயிருக்கிறது. வக்கீல் போனை வாங்கி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். “அவர் களிம்பு தீர்ந்து போச்சு. மதியம் வாட்சைக் கழட்டிக் கொடுத்துட்டு வெளியே போனவர் மருந்துக் கடைக்குத்தான் போயிருக்கணும். எதிர்ப்பக்கம் இருக்கு. அந்த ரோட்டுல அன்னிக்கு ஏதாவது விபத்து ஆச்சான்னு பாருங்க.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு இன்ஸ்பெக்டரின் குரல், சிரிப்பில்லாமல் வந்தது. ஒரு ஆளை வேன் இடித்திருக்கிறது. போன் நொறுங்கிவிட்டது. கையில் அடையாளம் எதுவுமில்லை. பேர் தெரியாதவர் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான்.

“இருக்காரா?” என்று வக்கீல் கேட்டார்.

“அதை அங்கதான் கேக்கணும் சார்” என்றார் இன்ஸ்பெக்டர்.

*

பார்வையாளர் நேரம். ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் சொந்தக்காரர்கள் கூட்டம். நாங்கள் நாலு பேர் போனோம். சர்வரும் கேண்டீனில் சொல்லிக்கொள்ளாமல்கூட வந்துவிட்டார். வழியெல்லாம் “என்னாலதான், என்னாலதான்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தங்கையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வக்கீல் நர்ஸிடம் விவரம் சொன்னார். நர்ஸ் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். “வேன் இடிச்சவரா? அவருக்கு நீங்க என்ன வேணும்? அவருக்குத்தான் யாருமில்லையே.”

“பேர் தெரியாததால அப்படிச் சொல்றீங்களா சிஸ்டர்?” என்றேன்.

“முதல் ரெண்டு மூணு நாள் நினைவில்ல. அப்புறம் நல்லாப் பேசறாரே! பேரெல்லாம் சொன்னார். யாருக்குச் சொல்லணும்னு தினம் கேட்டேன். ‘வருவாங்க, அவங்களே வருவாங்க’ன்னார். போன வாரக் கடைசியில கேட்டப்ப, யாருமில்லைன்னு சொல்லிட்டார்.”

வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி ஒரு பதிலை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கோடியில், சுவரோரக் கட்டிலில், தலையில் கட்டும் காலில் மாவுக்கட்டுமாக ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் பழைய புண் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது.

“அண்ணா” என்றாள் தங்கை.

அவர் உடனே திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டாள். திரும்பினார். அவளைப் பார்த்தார். உதடு கோணியது.

“குட்டி, வந்துட்டியா?”

“யாருமில்லைன்னு சொன்னியாமே?”

“இல்லடி...”

“சொன்னியா இல்லையா?”

“கண்ணு முழிச்சதும் முதல்ல வாட்ச் ஞாபகம்தான் வந்துச்சு. கேண்டீன்ல இருக்கு. சாயங்காலம் நான் வாங்கலைன்னா கழட்டி வச்சிடுவார், கழட்டினதும் உனக்குத் தெரிஞ்சிடும், நீ வந்துடுவேன்னு நெனச்சேன். ஆபீஸ்லயும் சிவப்பு விழும், யாராவது வருவாங்கன்னு நெனச்சேன்.” வார்டின் கதவைக் காட்டினார். “பாக்க வர்ற நேரம் ஆனா கதவையே பாத்துட்டுக் கெடப்பேன். பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் ஆள் வருது. எனக்கு வரல. சரி, எல்லாருக்கும் தெரிஞ்சும் வரலைன்னு முடிவு பண்ணிட்டேன். தெரிஞ்சும் வராதவங்களைக் கூப்பிட்டு அனுப்பினா வெக்கக்கேடில்லையா?”

கதவோரம் நின்றிருந்த சர்வர் கட்டிலின் காலடிக்கு வந்தார். சட்டைக் கையைத் தள்ளி, வெந்த மணிக்கட்டைக் காட்டினார். “நான் கழட்டவே இல்ல சார். உங்க வேலை போயிடும்னு... ராத்திரிகூட கழட்டல சார்.”

அண்ணன் அந்தப் புண்ணைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அந்த எரிச்சல் அவருக்குத் தெரியாததா? கையை நீட்டிச் சர்வரின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். “எனக்காகவா? நான் படுத்த இடத்துல எல்லாரையும் வஞ்சுக்கிட்டு இருந்தேன்யா. உன்னையும் சேர்த்து வஞ்சேன்” என்றார். இரண்டு ஆண்பிள்ளைகளும் அழுதார்கள். நான் மட்டும் என்ன, கல்லா?

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இப்போதுதான் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஒரு போன் பண்ண உனக்கு என்ன கேடு? சிஸ்டர்கிட்ட என் நம்பரைச் சொல்லியிருந்தா போதாதா?”

அவர் தலையைக் குனிந்தார். “தெரியாதுடி.”

“என்ன தெரியாது?”

“உன் நம்பர். போன்ல ‘குட்டி’ன்னு இருக்கும், அமுக்குவேன். போன் போனதும் நம்பரும் போச்சு.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து, தன் எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “இப்ப நீ சொல்லு.”

அவர் சொன்னார். நடுவில் தடுக்கியது.

“முதல்லேருந்து.”

மறுபடி சொன்னார். கடைசி இரண்டை மாற்றிச் சொன்னார். அவள் மெத்தையில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். “முதல்லேருந்துடா!” அடுத்த கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை பண்ணவில்லை. மூக்கில் ஒழுகுவதைத் துடைக்காமல், ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் கையைத் தட்டிக்கொண்டே, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். வக்கீல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடும் அசைவது போல் இருந்தது. எனக்கு அவர் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது, அவருக்கும் என் நம்பர் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நர்ஸ் எங்கள் பக்கம் வந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே கூப்பிட்டார். “சிஸ்டர், அன்னிக்கு நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்.” எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டே சொன்னார். “எனக்குத் தங்கச்சி இருக்கா.”

நர்ஸ் பேனாவை எடுத்தாள். அவர் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். முழுசாக, ஒரு தப்பில்லாமல் சொன்னார்.